வீட்டுக்காரரையே அடைத்த வீடு

மின்விசிறி இல்லாத மேடையிலும் முகம் வாடாமல் தலைமையேற்று வீற்றிருக்கும் ஐயா கண்ணையன் அவர்களே! முன்வரிசையை முழுமையாகப் பிடித்துக்கொண்ட முதலியார்பேட்டைத் தாய்மார்களே! பின்வரிசையில் நின்றாலும் பின்வாங்காத பெரியோர்களே! பாதுகாப்புக்கு வந்திருக்கும் காவலர்களே! அனைவருக்கும் வணக்கம்.

கருவடிக்குப்பத்தில் பிறந்தவர் சூசை. பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து, பிரெஞ்சுக் குடிமகனாகி, ஊரார் வாயில் ‘சொல்தா’ சூசை, அதாவது சிப்பாய் சூசை, ஆனவர். தம் வீட்டைத் தரகர் பொறுப்பில் விட்டுவிட்டுப் பாரிசில் வாழ்ந்தார். போன ஆண்டு பிள்ளைச்சாவடியில் இருக்கும் தங்கையைப் பார்க்க வந்தவர், வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். எலும்பு கூடுவதற்குள் விசா முடிந்தது. ஊன்றுகோலோடு அனுமதி கேட்கப் போனவரை, அந்நியர் என்று ஜீப்பில் ஏற்றினார்கள். தடுப்பு முகாமின் வாசலில் இறக்கினார்கள். நிமிர்ந்து பார்த்தார். அது அவருடைய வீடு! தரகர் அதைத்தான் அந்த முகாமுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்.

“சார், இது என் வீடு” என்றார் சூசை.

“வந்தவங்க எல்லாருமே கொஞ்ச நாள்ல அப்படித்தான் சொல்றாங்க. உள்ள போங்க” என்றார் அதிகாரி.

சிரிக்கிறீர்களா தாய்மார்களே? சிரியுங்கள். பிறந்த ஊரில் இருந்தது குற்றம். சொந்த வீட்டில் இருப்பது தண்டனை! இந்த நீதியை எந்த நாட்டில் கண்டோம்?

ஆனால் அப்போது உள்ளே தனியாக அடைபட்டிருந்த எழிலரசன் சிரிக்கவில்லை. முல்லைத்தீவிலிருந்து படகேறி வந்தவர். நம் முதலியார்பேட்டை மாலாவை மணந்து, பெயின்ட் அடித்துப் பிழைத்தவர். பாஸ்போர்ட் இல்லை என்று சிறை சென்றார். தண்டனை முடிந்து வெளியே வந்தவரைச் சிறைவாசலிலேயே பிடித்து இங்கே அடைத்தார்கள்.

“சிறையிலயாவது ஒரு தேதி இருந்தது அண்ணை. இங்க எப்ப விடுவினம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது” என்றார்.

மாலா வாரந்தோறும் கைக்குழந்தையைத் தூக்கி வந்து கம்பி வழியே காட்டினார். குழந்தை பயந்து அழுதது. பெற்ற மகளுக்கும் அவர் அந்நியரானார்!

மழை வந்தது. எழிலரசன் படுத்த இடம் ஒழுகியது. வீட்டுக்காரர்தான் சரிசெய்ய வேண்டும் என்றார் அதிகாரி. நான்தான் வீட்டுக்காரன், போய்க் கொத்தனாரை அழைத்து வருகிறேன் என்றார் சூசை. அடைபட்டவர் வெளியே போகக் கூடாது என்றார் அதிகாரி.

பின்னால் யாரோ, கொத்தனாரையும் பிடித்து அடைத்திருக்கலாமே என்கிறார். அண்ணே, யோசனை சொல்லாதீர்கள், குறித்துக்கொள்ளப் போகிறார்கள்.

அன்று ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார் சூசை. “இப்ப நான் உள்ள இருக்கறவனா பேசல. வீட்டுக்காரனா பேசறேன். வீட்டைக் காலி பண்ணுங்க.”

எதற்கும் அசையாத அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்தார். அவரும் வாடகை வீட்டில் குடியிருப்பவர் அல்லவா? கொஞ்சம் அவகாசம் கேட்டார்.

முகாமுக்காக ஊரெல்லாம் வீடு தேடினார்கள். கேட்ட வீடெல்லாம் கதவு சாத்தியது. கடைசியில் எங்கள் தெரு அமுதவல்லி அம்மா சொன்னார்: “அந்தப் புள்ள எழிலரசன், பொண்டாட்டி கொழந்தையோட வந்தா குடுக்கறேன். நீங்க பூட்டோட வந்தா குடுக்க மாட்டேன்.”

முகாமுக்கு இடம் கிடைக்கவில்லை. எழிலரசன் மாலாவோடு வீட்டிலேயே இருக்கலாம், வாரம் ஒருமுறை வந்து கையெழுத்திட்டால் போதும் என்று உத்தரவு வந்தது. சூசைக்கும் கால் குணமாகும் வரை அனுமதி நீண்டது.

நாடு மூழ்கிவிட்டதா? கடல் பொங்கி ஊரை விழுங்கிவிட்டதா? எழிலரசன் ஓடிவிட்டாரா? அதோ, பந்தல் ஓரம் மகளுக்குச் சோறூட்டிக்கொண்டிருக்கிறார்!

கையெழுத்தால் முடிகிற காரியத்துக்குக் கம்பி எதற்கு? தேதியில்லாத சிறை எதற்கு? பூட்ட ஒரு வீடு இல்லாததால் ஒருவருக்குக் கிடைத்த விடுதலை, மனிதர் என்ற ஒரே காரணத்துக்காகவே எல்லோருக்கும் கிடைக்க வேண்டும்! அடைக்க வருபவருக்கு வாசலை மூடுவோம்! அடைக்கலம் கேட்டு வருபவருக்கு அகலத் திறப்போம்!

ஒலிபெருக்கி தந்த அருள்முருகனுக்கும், காது தந்த உங்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.