கீழ்வீட்டுக்குக் கொடுத்த வைஃபை

என் வீட்டு வைஃபை நல்ல வைஃபை. திருமயத்தில் இதைப்போல ஓடுகிற வைஃபை கிடையாது. கோட்டை மேல் நிற்கிற பீரங்கிக்கே நெட் கிடைக்கும் என்பேன். முப்பத்தாறு வருஷம் டெலிபோன் லைன்மேனாக இருந்தவன், கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன்.

கீழ்வீட்டில் ரஹீமா பீவி குடியிருக்கிறார்கள். மகன் ரிஃபாய் தோஹாவில் வேலை. எங்கள் தெருவுக்குச் செல்போன் டவர் எட்டாது, அதனால் என் வைஃபையைத்தான் கொடுத்திருந்தேன். நெட் வராவிட்டால் போனும் கையுமாக மாடியேறி வருவார்கள். நான் பாஸ்வேர்டை மாற்றிப் போடுவேன், பெட்டியை அணைத்துப் போடுவேன், இடையில் டீ, புயலில் ஒற்றைக் கையால் ஏழு கம்பத்தை நிமிர்த்திய கதை.

“அண்ணே, நீங்க மட்டும் இல்லேன்னா எங்க வீடு இருட்டுதான்.”

என் மனைவி போன பிறகு யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் நல்ல வைஃபை பழுதாகாதே. ஆகையால் வாரத்துக்கு ஒருதரம் அவர்கள் போனை மட்டும் தடுத்து வைப்பேன். திறக்க ஒரு தட்டு போதும். யாருக்கும் நஷ்டமில்லை.

அந்த வியாழக்கிழமை மூன்றேகாலுக்கு வந்தார்கள்.

“ரிஃபாய்க்குப் பித்தப்பை ஆபரேசன் அண்ணே. நாலு மணிக்கு உள்ள கொண்டு போறாங்கன்னு காலையில சொன்னான். அதுக்குள்ள பயகிட்ட ஒரு வார்த்தை பேசிப்புடணும்.”

முக்கால் மணி நேரம் இருந்தது. உட்காருங்க, இது பெரிய கோளாறு மாதிரி தெரியுது என்றேன். “முடிஞ்சிருமாண்ணே?” என்று நாலைந்து தடவை கேட்டார்கள். சட்டென்று திறந்தால் இவ்வளவு நேரம் என்ன பார்த்தீங்க என்பார்கள். கதையிலும் அப்போது ஐந்தாவது கம்பத்தில்தான் நின்றேன்.

திறந்தபோது நாலேகால். பதினொரு மிஸ்டு கால் வரிசையாக வந்து விழுந்தது. உள்ளே போன ரிஃபாய் உயிரோடு வெளியே வரவில்லை.

என்மேல் அவர்களுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. “அன்னைக்கு அண்ணன் எம்புட்டுப் பாடுபட்டாங்க” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்கள். அதைக் கேட்ட நாளில் எனக்குச் சோறு இறங்குவதில்லை. உண்மையைச் சொல்லியிருப்பேன். அவர்கள் மனசு தாங்காதே என்றுதான் விட்டுவிட்டேன்.

நாற்பதாம் நாள் பாத்திஹாவும் முடிந்தது. இன்னும் மாடியேறவில்லை. கதவைச் சாத்திக்கொண்டே கிடக்கிறார்கள். தனியாக அப்படிக் கிடந்தால் மனுஷர் என்னத்துக்கு ஆவார்? அவர்கள் மகள் ரூமானா சாயங்காலம் சார்ஜாவிலிருந்து கூப்பிடுவாள். அதனால்தான் இன்று காலை அவர்கள் போனை மறுபடி தடுத்து வைத்தேன்.

டீக்குப் பால் வாங்கியாயிற்று.