பெண் பார்க்க வரும் ப்ராஜெக்ட்

இராஜாக்கமங்கலம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள். கண்ணாடி போட்டவள் திடீரென்று சொன்னாள்:

“மக்கா, எனக்க ப்ராஜெக்ட் ஞாயித்துக்கிழம என்னப் பெண்ணு பாக்க வருது.”

மற்றவள் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள். “என்னட்டி சொல்லுத?”

“சோசியாலஜி சாரு, கல்யாணம் எப்பிடிப் பேசி முடிக்காவன்னு வீடு வீடா கேட்டுட்டு வரச் சொன்னாருல்லா? ஒரு வீட்டுல போயி, மருமவ எப்பிடி வேணும், படிச்சிருக்கணுமா, வேலைக்குப் போலாமான்னு கேட்டேன். சாயாவும் முறுக்கும் வந்துது, அந்த வீட்டு அம்மா சிரிச்சிட்டே பதில் சொன்னாவ. இப்பம், பிள்ள வெக்கப்படாம தானே வந்து விசாரிச்சிட்டுப் போச்சு, எங்களுக்குச் சம்மதம்னு எங்கம்மைக்கு ஆளு விட்டிருக்காவ.”

“காலேஜ் ப்ராஜெக்டுன்னு நீ சொல்லலியா?”

“சொன்னேன். இந்தக் காலத்துப் பிள்ளைக இப்பிடித்தான் ஒரு சாக்குச் சொல்லிட்டு வரும்னு நெனச்சிருக்காவ.”

“அப்பம் வர வேண்டாம்னு சொல்லிர வேண்டியதுதானே?”

“எப்பிடி மக்கா? பெண்ணு பாக்கதக் கூட இருந்து பாத்து எழுதினா மார்க்கு கூடும்னு சாரு சொன்னாருல்லா?”

“மார்க்குக்காவயா?”

கண்ணாடிக்காரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அன்னைக்கு சாயா கொண்டு தந்தது அந்த வீட்டுப் பையன்தான்.”