ஈமாக்ஸைச் சரிப்படுத்திய மத்தியானம்

இடது சுண்டுவிரல் இன்னும் நோகிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. அலவாங்கு பிடித்ததால் வந்த நோவு என்று டொக்டர் எழுதியிருக்கிறார். அது பிழை. மாதக்கணக்காகக் கம்பியூட்டரில் கொன்ட்ரோல் கீயை அழுத்தி வந்த நோவு. படிக்க வருமுன் பருத்தித்துறையில் வலை இழுத்த கை இது. அப்போது நொந்ததில்லை.

ஈமாக்ஸ் என்பது புரோகிராம் எழுதுகிற எடிட்டர். எந்தக் கீ என்ன செய்யவேண்டும், எந்த அடைப்புக்குறி என்ன நிறத்தில் தெரியவேண்டும் என்பதையெல்லாம் நாமே ஒரு கோப்பில் எழுதிவைக்க வேண்டும். என் புரோகிராம் லிஸ்ப் மொழியில். அந்தக் கோப்பும் லிஸ்ப்தான். திறந்த அடைப்பு ஒவ்வொன்றையும் மூடவேண்டும். ஒன்றை விட்டால், அடுத்த முறை ஈமாக்ஸைத் திறக்கும்போது அதற்குக் கீழே உள்ள எதுவும் வேலை செய்யாது.

திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், என் அறையில் கூட இருந்தவன் கோபிசங்கர். மட்டுவிலில் கத்தரித் தோட்டம் செய்கிற குடும்பம். என்னைவிட இளையவன், வாய்க்காரன்.

"அண்ணை, இன்னும் உதையே பொத்திக்கொண்டு இருக்கிறியள்? கிழிஞ்ச வலைக்கும் இவ்வளவு நேரம் எடுக்காதே."

"போய் உன்ரை கத்தரிக்காயைப் பாரடா."

இருவரும் சிரிப்போம்.

மறுநாள் காலை என் புரோகிராமைப் பல்கலைக்கழகத்தில் என் துறையில் ஓட்டிக் காட்டவேண்டும். ஏற்கெனவே ஒரு தவணை விட்டவன். இதையும் விட்டால் பட்டம் இல்லை, திரும்பவும் படகுதான். மத்தியானம் சாப்பிட்டு வந்தபோது நான் மூடிவிட்டுப் போன ஈமாக்ஸைத் திறந்தபடி கோபிசங்கர் என் கதிரையில் இருந்தான். திரையைப் பார்த்தேன். நிறங்கள் இல்லை. நான் எழுதிவைத்த கீ ஒன்றும் வேலை செய்யவில்லை. கோப்பை அழித்துவிட்டான் என்று நினைத்தேன்.

என் அப்பா செல்வநாயகம், வலையை அறுத்த ஒருவனின் தோளைத் துடுப்பால் அடித்து உடைத்தவர். ஊரில் ஒருவரும் அவரைப் பிழை சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த நியாயம் அதுதான். கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கனத்த இரும்பு அலவாங்கை எடுத்தேன்.

முதல் அடி முழங்கையில். எலும்பு வெளியே வந்தது.

"நான் ஒண்டும் அழிக்கேல்லை அண்ணை. மேலை ஒரு அடைப்பை நீங்கள்தான் மூடாமல் விட்டிட்டியள். பாருங்கோ."

நக்கல் என்று எடுத்தேன். இரண்டாவது அடி முழங்காலில். மூன்றாவது தலையில். பிறகு அவன் கதைக்கவில்லை.

மூச்சு இருந்தது. ஓம், எனக்குத் தெரியும். ஆனால் காலையில் காட்டவேண்டும் அல்லவா. கதிரையில் இருந்த இரத்தத்தைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். கோப்பின் மேற்பகுதியில், அன்று காலை நானே சேர்த்த வரியில், ஓர் அடைப்பு மூடாமல் கிடந்தது. மூடினேன். ஈமாக்ஸைத் திரும்பத் திறந்தேன். நிறங்கள் வந்தன. கீகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். அவசரத்தில் ஒரு பிழை விட்டவன் இன்னொன்றை விடக்கூடாது. புரோகிராமையும் முழுதாக ஓட்டினேன். கீழே அவன் இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். எல்லாம் சரியென்று கண்ட பிறகு அம்புலன்ஸுக்குப் போன் எடுத்தேன். அவர்கள் வரும்போது அறையில் மூச்சுச் சத்தம் இல்லை.

என் கோப்பை அழித்தான், கோபத்தில் அடித்துவிட்டேன் என்று முதல்நாள் உங்களுக்குச் சொன்னேன். நீங்களும் எழுதினீர்கள். கோபக்காரன் என்ற பெயரோடு உள்ளே இருப்பது எனக்கு லேசாக இருந்தது.

நீதிமன்ற வாசலில் அவன் தாய் கேதீஸ்வரி என் சட்டையைப் பிடித்தார். "என்ரை பிள்ளை உனக்கு என்னடா செய்தவன்?"

சட்டையை இழுத்து விடுவித்துக்கொண்டு பொலிஸ் வாகனத்தில் ஏறினேன். நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: அவன் ஒன்றும் செய்யவில்லை, அம்மா; என் பிழையைத்தான் காட்டினான். இந்தப் பதில் நான் அவருக்கு இன்னும் தீர்க்காத கடன்.