கண்ணை மூடியவரும் காதைப் பொத்தியவரும்

அத்தை: தூங்கிட்டீங்க, மாப்பிள்ளை. ஒத்துக்கங்க, அதுல ஒண்ணும் கௌரவம் குறைஞ்சுடாது.

மாப்பிள்ளை: தூங்கலை அத்தை, கண்ணைத்தான் மூடிக்கிட்டு...

அத்தை: அதுக்குப் பேரு என்னங்கறேன்?

மாப்பிள்ளை: முழிச்சுக்கிட்டே மூடியிருந்தேன். ஒரு சத்தம் விடலை, எல்லாம் கேட்டேன். நீங்கதான் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு...

அத்தை: பொத்தாம? அந்த அடி அடிக்கறான், நாற்காலியே அதிருது. என் காது, நான் பொத்துவேன்.

மாப்பிள்ளை: பக்கத்துல இருந்தவர் உங்களுக்குக் காது வலின்னு நெனச்சு மாத்திரை நீட்டினார்.

அத்தை: நல்ல மனுஷன். நீங்க நீட்டலையே. எந்த மாப்பிள்ளையாவது மாமியாரை இப்படி ஒரு பிரெஞ்சுப் படத்துக்குக் கூட்டிட்டு வருவானா? போஸ்டர்ல ரொட்டியும் பூவுமா இருந்துச்சு. நான் ஏதோ சமையல் படம்னு நெனச்சேன்.

மாப்பிள்ளை: நான் கூட்டிட்டு வந்தேனா? வண்டிச் சாவியை எடுத்து என் கையில வெச்சது யாரு?

அத்தை: எனக்கு முன்னாடி செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னது யாரு?

மாப்பிள்ளை: அது... சரி விடுங்க. படியில பாத்து இறங்குங்க. பையைக் குடுங்க, நான் பிடிச்சுக்கறேன்.

அத்தை: என் பை எனக்குக் கனமில்ல. நீங்க முதல்ல அந்த ஜாக்கெட்டைக் கழட்டுங்க. உள்ள ரெண்டு மணி நேரம் வேர்த்து ஊத்துச்சு, கழட்டவே இல்ல.

மாப்பிள்ளை: எனக்கு வேர்க்கலை.

அத்தை: ம்... அது இருக்கட்டும். முடிவு என்ன ஆச்சு, அதைச் சொல்லுங்க.

மாப்பிள்ளை: நீங்கதானே பாத்தீங்க.

அத்தை: பாத்தேன். அந்தப் பொண்ணு தினமும் அவன் கடையில போய் ரொட்டி வாங்கறா. என்னைக்கோ ரயிலடியில தன்னை அடிச்சுப் போட்டவன்கிட்டயே வாங்கறா. இடது காலை இழுத்து இழுத்துப் போறா. அவனுக்கு அடையாளமே தெரியலை, சில்லறையைக் குடுத்து சிரிக்கறான். கடைசி நாள் கதவுல தொங்கற அட்டையைத் திருப்பிட்டு, மடியில பையை வெச்சுக்கிட்டு அவன் எதிர்ல உக்காந்தா. கீழ எழுத்து வந்துச்சு: என்னைத் தெரியுதா?

மாப்பிள்ளை: ஓ, அதானா அது. சின்னதா ஏதோ சொன்னா.

அத்தை: கோபமாவா?

மாப்பிள்ளை: இல்ல. கடையில விலை கேக்கற மாதிரி.

அத்தை: அவன் இல்லைன்னு தலையை ஆட்டினான். அவ பைக்குள்ள கையை விட்டா. அப்புறம்...

மாப்பிள்ளை: அப்புறம்?

அத்தை: நானும் கண்ணை மூடிட்டேன்.

மாப்பிள்ளை: காதையும் பொத்திக்கிட்டு, கண்ணையும் மூடிக்கிட்டு. உங்களுக்கு ரெண்டு கைதானே, அத்தை?

அத்தை: கண்ணுக்கு எதுக்குக் கை? கேலி இருக்கட்டும், உங்க பங்கைச் சொல்லுங்க.

மாப்பிள்ளை: நாற்காலி விழுந்துச்சு. ஏதோ கனமா ஒண்ணும் விழுந்துச்சு. அப்புறம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல. கடைசியில கதவு மணி ஆடுச்சு, மழைச் சத்தம். ஒரே ஒரு ஆள் நடந்து போனாங்க.

அத்தை: அவளா, அவனா?

மாப்பிள்ளை: நடையை வெச்சு எப்படிச் சொல்றது?

அத்தை: கால் இழுத்துச்சான்னு யோசிங்க. அவன்னா இழுக்காதே.

மாப்பிள்ளை: மழையில ஒண்ணும்... ஏன் அத்தை, ஒரு படத்துக்குப் போய் இப்படி உயிரை விடறீங்க?

அத்தை: தெரிஞ்சாகணும், அவ்வளவுதான். அதோ டிக்கெட் கிழிச்சவர் நிக்கறார், கேளுங்க.

மாப்பிள்ளை: சார், இந்தப் படத்துல கடைசியில யாரு வெளிய போறாங்க?

டிக்கெட்காரர்: நீங்கதான் சார் போகணும். அடுத்த காட்சிக்கு ஆள் ஏத்தணும்.

அத்தை: அதில்லப்பா. கதையில. அவனை அவ கொன்னுட்டாளா?

டிக்கெட்காரர்: உள்ளதானம்மா உக்காந்திருந்தீங்க?

அத்தை: உக்காந்திருந்தோம்... பாக்கலை.

டிக்கெட்காரர்: நான் வாசலை விட்டு நகர்றதே இல்லம்மா. வர்றவங்க சொல்றதுதான். கொன்னுட்டாங்கறார் ஒருத்தர், இல்லைங்கறார் இன்னொருத்தர். பாதிப் பேர் பாதியிலயே எழுந்து ஓடிடறாங்க. ஒரே ஒருத்தங்கதான் கடைசி எழுத்து ஓடி முடியற வரைக்கும் இருந்தாங்க. அதுவும் மூணு நாள் தொடர்ந்து வந்தாங்க.

அத்தை: யாரு அது?

டிக்கெட்காரர்: பேரு தெரியாதும்மா. சின்ன வயசு. மூக்குக் கண்ணாடியில ஒரு பக்கம் மட்டும் கறுப்பு. இடது பக்கம். படம் நல்லா இருக்கான்னு நேத்து கேட்டேன். நாளைக்கு ரெண்டு பேரை அனுப்பறேன், எழுந்து வந்தா திரும்ப உள்ள அனுப்பிடுங்கன்னு சிரிச்சாங்க. வழியை விடுங்க சார், ஆள் வருது.

அத்தை: மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: ம்.

அத்தை: டிக்கெட் நீங்கதானே எடுத்தீங்க?

மாப்பிள்ளை: இல்ல. உங்க பொண்ணுதான் குடுத்தா. அம்மாவை இன்னைக்கு மத்தியானம் வீட்டுல விட்டுவெக்க பயமா இருக்கு, ஏதாவது பண்ணிடுவாங்க, எங்கயாவது கூட்டிட்டுப் போய் உக்கார வைங்கன்னா. முடிவு வரைக்கும் எழுந்துடாதீங்கன்னு சொன்னா.

அத்தை: என்கிட்ட உங்களைச் சொன்னா. அவரு முகமே சரியில்லம்மா, கூடவே இரு, கண்ணை விட்டு நகர்த்தாதேன்னு. முடிவு வரைக்கும் இருங்கன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா.

மாப்பிள்ளை: நீங்க ஏதாவது பண்ணிடுவீங்கன்னு அவ ஏன் நெனைக்கணும்?

அத்தை: உங்களை ஏன் நெனைச்சா?

மாப்பிள்ளை: ...அந்தக் கடைக்குப் போனேன். அவன் ஜெயில்ல இருந்து வெளிய வந்த மறுநாள்ல இருந்து தினமும் போனேன். மருந்துக் கடை வேலையில, சீட்டு இல்லாம மாத்திரை தர மாட்டேன்னு அவ சொன்னதுக்கு, கவுண்டர் கண்ணாடியைப் பேத்து அவ முகத்துல அடிச்சு இடது கண்ணைப் போக்கினவன். மூணே வருஷத்துல வந்து அண்ணன் கடையில ஆணி நிறுத்துக் குடுக்கறான். கிட்ட நின்னு பாத்தேன். ஒண்ணும் பண்ண முடியலை. வெறுங்கையோட வரக் கூடாதுன்னு ஆணி வாங்கிட்டு வந்தேன்.

அத்தை: அதான் பரண் முழுக்க ஆணியா?

மாப்பிள்ளை: அதான் அலமாரி முழுக்க பல்பா?

அத்தை: பல்பை எரிய வெச்சுக் காட்டித்தான் குடுக்கறான். பொறுமையா, ஒவ்வொண்ணா. அந்தக் கையைப் பாத்துக்கிட்டே நிப்பேன்.

மாப்பிள்ளை: அவ பாத்திருக்கா. ஆணியையும் பல்பையும் பாத்துட்டு ஒரு வார்த்தை கேக்கலை.

அத்தை: கேட்டாளே. அவன் எந்த நேரம் கடையில தனியா இருப்பான்னு. நானும் பேச்சுவாக்குல... மத்தியானம் அண்ணன்காரன் சாப்பிடப் போயிடுவான்னு சொல்லித் தொலைச்சேன்.

மாப்பிள்ளை: அத்தை, பையைத் திறங்க.

அத்தை: எதுக்கு?

மாப்பிள்ளை: காலையில உங்க தையல் மெஷின் மேல கத்தரி இல்ல. துணி வெட்டற பெரிய கத்தரி. அதை எடுத்துட்டுக் கிளம்பிட்டீங்கன்னுதான் படம் முழுக்க உங்க பையைக் காவல் காத்தேன்.

அத்தை: நான் எடுக்கலை மாப்பிள்ளை. பாருங்க, கண்ணாடிக் கூடு, கைக்குட்டை, தண்ணி பாட்டில். நீங்க ஜாக்கெட்டுக்குள்ள வெச்சிருக்கீங்கன்னு நெனச்சுத்தான் நான்...

மாப்பிள்ளை: பாருங்க. பர்ஸ்தான் இருக்கு.

அத்தை: கோர்ட்டுல அவன் சொன்னது ஞாபகம் இருக்கா? அந்தப் பொண்ணு முகமே எனக்கு நினைப்பில்லன்னான்.

மாப்பிள்ளை: அன்னைக்கு வீட்டுக்கு வந்து அவ ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. ஒருநாள் நேர்ல கேக்கணும்னா.

அத்தை: கேக்கறதுக்குக் கத்தரி எதுக்கு? போனைப் போடுங்க. ஆஃப்ல இருக்கா? சீக்கிரம்.

மாப்பிள்ளை: போகுது... போகுது... எடுத்துட்டா. ஹலோ. நான்தான். எங்க இருக்க? பாரு, நான் சொல்றதை... பேசலை அத்தை. எடுத்து எங்கயோ கீழ வெச்சுட்டா.

அத்தை: கட் பண்ணிடாதீங்க.

மாப்பிள்ளை: தராசுத் தட்டுல ஆணி கொட்டுது. அந்தக் கடைதான்.

அத்தை: வண்டியை எடுங்க. நடங்க, நடந்துக்கிட்டே கேளுங்க.

மாப்பிள்ளை: இருங்க. அவ குரல். என்னைத் தெரியுதான்னு கேக்கறா.

அத்தை: கோபமாவா கேக்கறா?

மாப்பிள்ளை: இல்ல... விலை கேக்கற மாதிரி.

அத்தை: அவன் என்ன சொல்றான்? மாப்பிள்ளை... ஏன் இப்பக் கண்ணை மூடிக்கிட்டீங்க? என்ன கேக்குது?