கால் டிகிரி, கால் டிகிரியாக

எனக்கு ஃப்ரிட்ஜ் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, டாக்டரம்மா. இரண்டு மடக்கு குடித்தாலே தும்மல்தான். அப்படிப்பட்ட நான், மூளையைக் காப்பாற்ற என் வீட்டுக்காரரை நீங்கள் முப்பத்து மூன்று டிகிரிக்குக் குளிரவைக்க வேண்டும் என்றதும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டேன்.

போன வருடம் பல்வலி என்று போனவர், பல் டாக்டரோடேயே தங்கிவிட்டார். அவருக்கு இதயம் நின்றது அவள் வீட்டுச் சமையலறையில்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை பன்னிரண்டு நிமிடம் நெஞ்சை அழுத்தி உயிரைப் பிடித்துவைத்தவளும் அவள்தான். கெட்டிக்காரி, நான் மறுக்கவில்லை. ஆனால் ஐ.சி.யூ. வாசலில் நர்ஸ், "நீங்க என்ன உறவு?" என்று கேட்டபோது அவளுக்கு வாய் வரவில்லை. எனக்கு வந்தது.

உடம்பைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும் உறைகளோடு ஒரு நாள் முழுக்கக் கிடந்தார். பிறகு மணிக்குக் கால் டிகிரியாகச் சூடேற்றினீர்கள்.

"சீக்கிரம் ஏத்தக் கூடாதா?" என்று கேட்டேன்.

"மூளை தாங்காதும்மா. பொறுமையாத்தான் போகணும்" என்றாள் நர்ஸ்.

நான்காம் நாள் கண் விழித்தவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பல்வலி விட்டுப்போச்சு. இனி டாக்டர்கிட்ட போக வேணாம்."

ஒன்றரை வருடம் துடைத்துவிட்டதுபோல் போயிருந்தது.

வீட்டுக்கு அழைத்துவந்து நானும் கால் டிகிரி, கால் டிகிரியாகத்தான் போனேன். முதல் வாரம், நமக்குள் சண்டையே வந்ததில்லை என்றேன். அடுத்த வாரம், விழுந்தது நம் சமையலறையில் என்றேன்.

"யாரோ நெஞ்சை அமுக்கி எண்ணிட்டே இருந்த மாதிரி இருக்கு."

"நான்தாங்க."

என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். எப்போதாவது அவள் பெயர் நுனிநாக்கு வரை வரும். அதெல்லாம் குளிரில் வந்த கனவு என்பேன்.

அந்த நாக்கு இன்னொரு தொந்தரவும் கொடுத்தது. "இந்தப் பல்லை எப்போ அடைச்சேன்?" என்று துழாவிக்கொண்டே இருந்தார். வேறு இடத்துக்குக் கூட்டிப்போனேன். "நல்ல பல்லும்மா, அருமையா அடைச்சிருக்காங்க" என்றார் அங்கிருந்த டாக்டர். அதனால்தான் பிடுங்கச் சொன்னேன்.

நேற்று அவள் வந்தாள். ஏழு மாத வயிறு. கேட்டைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். இவர் ஜன்னலில் நின்று பார்த்தார்.

"யாரு அது, பாவம்?"

"வீடு மாறி வந்துட்டாங்க."

"தண்ணியாவது குடுத்து அனுப்பு."

கொடுத்தேன். தெருமுனை வரை கொண்டுபோய் விட்டும் வந்தேன். அவள் நேரே உங்களிடம் வந்திருக்கிறாள்; நீங்களும் என்னைத் தனியாக அழைத்து, ஏன் பொய் சொன்னாய் என்கிறீர்கள்.

பொய்யே இல்லை, டாக்டரம்மா. அவள் வந்தது தப்பான வீட்டுக்குத்தானே.