கறையற்ற சேவைக்கான பதக்கம்

காக்கித் துணியில் மீன் வெடுக்கு ஏறினால் ஒரு தோய்ச்சலில் போகாது. என் மனைவி பியட்றிஸ் தேசிக்காய்ப் புளி விட்டு ஊறவைத்துத்தான் அதை எடுப்பாள். நான் சார்ஜன்டாக இருந்த பொலிஸ் நிலையம் வாவிக் கரையில். பிடித்து வருகிறவர்களில் பாதிப் பேர் மீனவர்கள். அந்த மணம் எனக்குக் கடைசிவரை பழகவில்லை. யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, ஐயா. சுத்தம் எனக்கு முக்கியம். அவ்வளவுதான்.

நீண்டகால சேவைப் பதக்கத்துக்கு இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தால் மட்டும் போதாது. பெயருக்கு எதிராக ஒரு விசாரணையும் இருக்கக் கூடாது. இரண்டு வருடங்களுக்கு முன் என் பெயர் பட்டியலில் வந்து வெட்டுப்பட்டது. கைதிக் கூட்டுக்குள் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்ட ஒருவரை நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கொண்டுபோனவன் நான் என்பதால் விசாரணையும் என் மேல் வந்தது. பதினான்கு மாதம் இழுத்து, குற்றமில்லை என்று முடித்தார்கள். அதற்குள் பதக்கங்கள் வேறு ஆட்களின் நெஞ்சில் ஏறிவிட்டன. நல்லது செய்தால் என்ன வரும் என்பதை அப்போது படித்துக்கொண்டேன்.

போன கார்த்திகையில் மறுபடியும் பெயர் வந்தது. விழா வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, நகரத்தில். அன்று விடியற்காலையில்தான் செட்டிபாளையத்து உதயரூபனைப் பிடித்து வந்தார்கள். தடைசெய்த தங்கூசி வலை போட்டாராம். மெலிந்த மனிதர். சின்ன வழக்கு, பிணையில் விட்டிருக்கலாம். ஆனால் பொறுப்பதிகாரி விழா ஏற்பாட்டுக்குப் போய்விட்டார். நிலையம் என் கையில் இருந்தது.

எட்டு மணிக்கு அவருடைய மனைவி கம்சாயினி ஒரு துணிப்பையோடு வந்தது. சின்னப் பிள்ளை, முப்பது வயது இருக்காது.

"சேர், அவருக்குச் சீனி வருத்தம். ராத்திரியும் ஊசி போடல்ல, விடியவும் போடல்ல. இத மட்டும் குடுத்து விடுங்க."

ஊசி கொடுத்தால் புத்தகத்தில் பதிய வேண்டும். பதிந்தால் அவர் நோயாளி. நோயாளி என்றால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். பையை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, கொடுத்தாயிற்று என்றேன். அந்தப் பிள்ளை என்னைக் கும்பிட்டது.

ஒன்பதரைக்கு விழாச் சீருடையோடு கூட்டைப் பார்க்கப் போனேன். பார்க்காமல் போவது கடமைத் தவறு. உதயரூபன் கம்பியைப் பிடித்து எழும்பி, "தண்ணி தாங்க சேர், ஏலாமக் கிடக்கு" என்றபடியே வாந்தி எடுத்தார். என் காற்சட்டையிலும் சப்பாத்திலும் பட்டது. புளித்த நாற்றம், அதற்கு மேல் மீன் வெடுக்கு. எனக்குக் கோபம் வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது. இத்தனை வருடத்தில் இந்த ஒரு நாளைத்தானே கேட்டேன் என்று நினைத்துக்கொண்டு குழாயடியில் கழுவினேன். தண்ணீர் கொடுத்தால் மறுபடியும் எடுப்பார் என்பதால் கொடுக்கவில்லை.

காவலில் நின்ற கொன்ஸ்டபிள் மதுரன், ஆஸ்பத்திரிக்கு அறிவிப்போமா என்று கேட்டான். நான் புத்தகத்தை எடுத்து, உதயரூபன் நல்ல தேகநிலையில் விடுவிக்கப்பட்டார் என்று எழுதினேன். அதன் பிறகு புத்தகத்தின்படி அவர் நிலையத்தில் இல்லை. இல்லாத ஆளுக்கு என்ன வருத்தம் வரும்?

விழா நன்றாக நடந்தது. பதக்கம் குத்தியவர் என் காற்சட்டையின் ஈரத்தை ஒரு தரம் பார்த்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. கறையற்ற சேவை என்று வாசித்தபோது பியட்றிஸ் அழுதாள்.

மூன்று மணிக்குத் திரும்பும்போது மாரி மழை அடித்துப் பெய்தது. கம்சாயினி நனைந்தபடி வாசலிலேயே நின்றது. அவரைக் காலையிலேயே விட்டாயிற்றே என்றேன்.

"நான் இஞ்சதானே நிக்கிறன் சேர். இந்த வாசலால அவர் வரல்லையே."

பின்வாசலால் போனார், வீட்டில் போய்ப் பார் என்றேன். அந்தப் பிள்ளை என் நெஞ்சிலிருந்த பதக்கத்தைப் பார்த்தது. பெரிய சேர் பொய் சொல்லமாட்டீங்க என்று சொல்லிவிட்டு மழைக்குள் நடந்தது.

உள்ளே உதயரூபன் தன் வாந்திக்குள் கிடந்தார். மதுரன் தொடமாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான். பதக்கத்தைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி வைத்துவிட்டு, நான் தனியாகத்தான் அவரைத் தூக்கி ஜீப்பில் ஏற்றினேன். அந்த மழைக்குத் தோணித்துறையில் ஒரு குஞ்சும் இல்லை. அவருடைய வலையையே காலில் சுற்றி வாவிக்குள் இறக்கினேன். மீன்பிடிக்கிறவர், மாரி வெள்ளம், வலை. யார் என்ன கேட்கப்போகிறார்கள்? வழக்குப் பொருள் என்று நானே எழுதி அந்த வலையில் கட்டிய சீட்டை அவிழ்க்க மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் அவர் மிதந்தபோது சீட்டும் சேர்ந்தே வந்தது. அது என் கவனக்குறைவு, ஒத்துக்கொள்கிறேன்.

நுரையீரலில் வாவித் தண்ணீர் இருந்தது என்று வைத்திய அறிக்கை சொல்வதைப் பற்றிக் கேட்டீர்கள். ஓம், உயிர் இருந்தது. ஜீப்பில் ஏற்றும்போது என் கையைப் பிடித்து, "கம்சா வந்தவளா?" என்று கேட்டார். வந்தாள் என்றேன். அதில் பொய் இல்லை. அங்கிருந்து ஆஸ்பத்திரி ஏழு நிமிடம், தோணித்துறை மூன்று நிமிடம். ஆஸ்பத்திரியில் பெயர் கேட்பார்கள். தண்ணீருக்குள் அவரை அமுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. விட்டேன், போனார்.

பதக்கத்தைத் திருப்பி வாங்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். இத்தனை வருட சேவையில் ஒரு கைதியின் மேலும் நான் கை நீட்டியதில்லை, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.