பூலாம்பாடியில் நோயில்லை

பெரம்பலூர் போகும் காலை பஸ். நிற்க இடமில்லாத கூட்டம். எனக்கு முன் சீட்டில் பூலாம்பாடியில் ஏறிய இரண்டு பெண்கள். மூத்தவள் திடீரென்று சொன்னாள்:

"நம்ம ஊர்ல ஒருத்தருக்கும் சக்கரை இல்லைன்னு எழுதிட்டுப் போயிட்டாங்கடி."

"யாரு எழுதுனது, அக்கா?"

"ஊருல என்ன வியாதி, என்ன தேவைன்னு சர்வே எடுக்க வந்தாங்கல்ல, அவங்கதான். எல்லாரையும் பள்ளிக்கூடத்துல ஒண்ணா உக்கார வச்சு, சக்கரை இருக்கறவங்க கை தூக்குங்கன்னு மைக்குல கேட்டாங்க."

"நீங்க தூக்கலையா?"

"எதிர்லயே நாம பேசி வச்சிருக்கற மாப்பிள்ளையோட அம்மா உக்காந்திருக்கு. இன்னும் தட்டு மாத்தல. எனக்குச் சக்கரைன்னா எம்பொண்ணுக்கும் வரும்னு பேச மாட்டாங்களா?"

"அந்தம்மாவுக்கே சக்கரைதானே?"

"அதுவும் தூக்கல. என் கையையே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

"டாக்டர் வேணும்னாவது கேட்டிருக்கலாம்ல?"

"வியாதியே இல்லாத ஊருக்கு டாக்டர் எதுக்கு? ஊர் எல்லையில அலங்கார வளைவு கட்டித் தாங்கன்னு கேட்டோம். சந்தோஷமா எழுதிக்கிட்டாங்க."

பெரம்பலூர் பாலக்கரையில் கூட்டம் இறங்கிவிட்டது. அடுத்து ஆஸ்பத்திரி ஸ்டாப். எழுந்த மூத்தவள் முன்பக்கம் பார்த்ததும் சட்டென்று உட்கார்ந்தாள்.

"முதல் சீட்டுல அந்தம்மாடி! பேசாம உக்காரு. அடுத்த ஸ்டாப்புல இறங்கி நடந்து வந்துக்கலாம்."

முதல் சீட்டு அம்மாளும் மருந்துப் பையோடு எழுந்தார், திரும்பிப் பார்த்தார், பையை முந்தானைக்குள் செருகிக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

கண்டக்டர் இரண்டு முறை கூவிப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்கு ஒருத்தரும் இல்லையா? ரைட், போலாம்!"